தூசு மேகங்களின் 30 கிகாஹெர்ட்ஸ் மிகையுமிழ்வு (ஏ.எம்.இ.): பொதுத் தரவிலிருந்து அளப்பது எப்படி, உமிழ்வது எது?

#1 முகில்நோக்கி

பெர்சியஸ் மூலக்கூறு மேகத்தின் (பால்வழி நெடுக்கை 160.26 பாகை, அகலம் −18.62 பாகை) நுண்ணலை மிகையுமிழ்வை (தெரிந்த மூலங்கள் விளக்குவதைவிடக் கூடுதலாக வரும் உமிழ்வை), யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய வரைபடங்களை மட்டும் வைத்து மறுபடி அளக்க இந்த இழை. துறையில் ஏ.எம்.இ. (அனாமலஸ் மைக்ரோவேவ் எமிஷன்) என்ற சுருக்கமே புழங்குகிறது, நாமும் அப்படியே சொல்வோம்.

கேள்வி இரண்டு. ஒன்று, எந்த வரைபடங்களை எடுத்து எந்த வரிசையில் போனால் நம்பத்தக்க எண் கிடைக்கும், எந்தப் படியில் எண் கெடும்? இரண்டு, உமிழ்வது வேகமாகச் சுழலும் நுண்தூசு என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுவிட்டார்கள். அந்தத் துகள் பி.ஏ.எச். எனப்படும் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பனா, நானோசிலிக்கேட்டா, வேறொன்றா?

பொதுவான அறிமுகம் வேண்டாம். எண்களோடு வாருங்கள்.

#2 ஸ்டெரேடியன்

அறிமுகம் வேண்டாம் என்றாலும் பழைய கதையில் ஒரு பகுதி அளவீட்டுக்கே தேவைப்படுகிறது. பின்னணிக் கதிர்வீச்சை (பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலையை) அளந்த கோபி விண்கலத்தின் டி.எம்.ஆர். கருவி 31.5, 53, 90 கிகாஹெர்ட்ஸில் எடுத்த வரைபடங்கள் அகச்சிவப்புத் தூசு வரைபடத்தோடு ஒத்துப்போவதை 1996-ல் கோகட் குழு காட்டியது. தூசு உள்ள இடத்தில் அயனி வாயுவும் இருக்கும், அதன் ஃப்ரீ-ஃப்ரீ உமிழ்வுதான் (எலெக்ட்ரான்கள் அயனிகளை ஒட்டி விலகும்போது எழும் ரேடியோ) இது என்று அப்போது எடுத்துக்கொண்டார்கள். 1997-ல் லீட்ச், ரெட்ஹெட் முதலியோர் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு ஆய்வகத்தில் வான வடதுருவத்தை ஒட்டிய பகுதியை 14.5, 32 கிகாஹெர்ட்ஸில் அளந்ததும் அந்த விளக்கம் நிற்கவில்லை. அவ்வளவு ஃப்ரீ-ஃப்ரீ இருந்தால் ஹைட்ரஜன்-ஆல்ஃபா சிவப்பொளி பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வாயு 10 லட்சம் கெல்வினில் இருந்தால் மட்டுமே சிவப்பொளி இல்லாமல் ரேடியோ வரும். அவ்வளவு சூடான வாயு அங்கே இருக்க வழியில்லை.

1998-ல் டிரெய்னும் லசாரியனும் சுழலும் தூசுக் கணக்கை முழுமையாகப் போட்டார்கள். கருத்து அதற்கும் பழையது: 1957-ல் எரிக்சன் சொன்னார், 1970-ல் ஃப்ரெட் ஹாயிலும் கொழும்பில் பிறந்த சந்திரா விக்ரமசிங்கவும் சொன்னார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அன்றிலிருந்து இன்றுவரை வழக்கு ஒன்றுதான்: ஃப்ரீ-ஃப்ரீயைச் சரியாகக் கழித்தாயா? 30 கிகாஹெர்ட்ஸ் எண் யார் அளந்தாலும் வந்துவிடும். வாதம் ஜெயிப்பதும் தோற்பதும் 1 முதல் 20 கிகாஹெர்ட்ஸ் வரையிலான எண்களில்.

#3 அலைவரிசை

முதல் கேள்விக்கு வருகிறேன். பிளாங்க் விண்கலக் கூட்டமைப்பு 2014-ல் 98 மேகங்களுக்குச் செய்த முறை இன்றும் நல்ல அடிப்படை, அதையே ஒட்டிப் போகலாம்.

வரைபடங்கள்: ஹஸ்லமின் 408 மெகாஹெர்ட்ஸ் (2015-ல் ரெமசேய் குழு கோடுகளும் புள்ளி மூலங்களும் நீக்கிச் சீரமைத்த பதிப்பு), ரைக்கின் 1.42 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூமேப் விண்கலத்தின் 22.8, 33.0, 40.7, 60.8, 93.5, பிளாங்கின் 28.4, 44.1, 70.4, 143, 353, 545, 857 (எல்லாம் கிகாஹெர்ட்ஸ்), பிறகு கோபியின் டர்பி கருவி தந்த 240, 140, 100 மைக்ரான். டர்பியில் 60 மைக்ரானையும் அதற்குக் கீழே உள்ளதையும் தொடாதீர்கள். அங்கே ஒளிர்வது ஒற்றை ஃபோட்டான் பட்டுத் திடீரெனச் சூடாகும் சிறுதுகள். ஒரே வெப்பநிலை கொண்ட வளைகோடு அதற்குப் பொருந்தாது, பொருத்தினால் தூசின் வெப்பநிலை பொய்யாக ஏறும்.

கூர்மை ஒன்றாகும்படி எல்லாவற்றையும் 1 பாகைக்கு (60 கலை) மழுப்ப வேண்டும். 28.4 கிகாவின் கற்றை அகலம் 32.3 கலை, 60-இன் வர்க்கத்திலிருந்து 32.3-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 50.6 கலை. அதுதான் மழுப்பும் காஸியன். 408-க்குக் கற்றை 56 கலை, எனவே 21.5 கலை போதும். டபிள்யூமேப் 22.8-இன் கற்றை காஸியன் அல்ல. அதற்கு இந்தச் சூத்திரத்தைப் போடாமல், அந்தக் குழுவே 1 பாகைக்கு மழுப்பி வெளியிட்ட கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீல்பிக்ஸ் (வானத்தைச் சம பரப்புள்ள படப்புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) பகுப்பு 512 போதும்.

அடுத்தது அலகு. பிளாங்க் வரைபடங்கள் பின்னணிக் கதிர்வீச்சுக் கெல்வினில் இருக்கின்றன, 545-உம் 857-உம் மட்டும் மெகாஜான்ஸ்கி/ஸ்டெரேடியனில் (ஜான்ஸ்கி பாய அடர்த்தியின் அலகு, ஸ்டெரேடியன் திண்மக் கோணத்தின் அலகு). ரேலி-ஜீன்ஸ் கெல்வினுக்கு மாற்றும் காரணி 28.4-ல் 0.979, ஆகவே மறந்தாலும் 2 சதவீதம்தான் போகும். 353-ல் 0.078, மறந்தால் 13 மடங்கு! தூசு வளைகோடு கோணலாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பிறகு 60 கலை ஆரத்தில் வட்டம், 80 முதல் 100 கலை வரை பின்னணி வளையம். வளையத்தில் சராசரி வேண்டாம், இடைநிலை எடுங்கள். ஒரு புள்ளி மூலம் உட்கார்ந்திருந்தாலும் இழுக்காது. 60 கலை வட்டத்தின் திண்மக் கோணம் 0.000957 ஸ்டெரேடியன், 512 பகுப்பில் சுமார் 240 படப்புள்ளி. 28.4 கிகாவில் 1 மில்லிகெல்வின் சராசரி மிகை என்றால் 23.7 ஜான்ஸ்கி. உங்கள் நிரல் இந்த எண்ணைத் தருகிறதா என்று ஒரு தட்டை வரைபடத்தை ஊட்டிச் சரிபார்த்துவிட்டு உண்மைத் தரவுக்குப் போங்கள்.

ரைக்கின் 1.42 கிகா வரைபடத்தை 1.55-ஆல் பெருக்க வேண்டும். அது முழுக்கற்றை அளவுக்குச் சீர்செய்த வரைபடம். 1 பாகை அளவுள்ள மூலங்களுக்கு முதன்மைக் கற்றை அளவு தேவை. பெருக்க மறந்தால் ஃப்ரீ-ஃப்ரீ குறைவாக வரும், ஏ.எம்.இ. இல்லாத இடத்தில்கூட இருப்பதுபோல் தெரியும். இந்த ஒரு காரணி பல மேகங்களின் தலையெழுத்தையே மாற்றும். அதனால் 408, 1420 இரண்டுக்கும் அளவீட்டுப் பிழை 10 சதவீதத்துக்குக் குறையாமல் வையுங்கள். டபிள்யூமேப்புக்கும் பிளாங்கின் தாழ் அதிர்வெண்களுக்கும் 3, டர்பிக்கு 10-க்கு மேல்.

பொருத்தத்தில் ஃப்ரீ-ஃப்ரீக்கு உமிழ்வளவு, அதாவது எலெக்ட்ரான் அடர்த்தியின் வர்க்கத்தைப் பார்வைக்கோடு நெடுகக் கூட்டியது, ஒன்று (எலெக்ட்ரான் வெப்பநிலையை 8000 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்), வெப்பத் தூசுக்கு ஒளியியல் ஆழம், வெப்பநிலை, பீட்டா (உமிழ்திறன் அதிர்வெண்ணோடு ஏறும் அடுக்கு) என்று மூன்று, பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கம் ஒன்று, ஏ.எம்.இ.-க்கு உயரம், உச்ச அதிர்வெண், அகலம் என்று மூன்று. ஆக 17 புள்ளி, 8 தெரியாதவை.

#4 பனிமலர்

இரண்டு சந்தேகம். பிளாங்கின் 100, 217 கிகா ஏன் பட்டியலில் இல்லை? அப்புறம், புனே அருகே கோடாடில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. 610 மெகாஹெர்ட்ஸில் இந்த மேகங்களைப் பார்த்தால் ஃப்ரீ-ஃப்ரீ சிக்கல் தீர்ந்துவிடாதா?

#5 அலைவரிசை

100-க்குள் கார்பன் மோனாக்சைடின் 115.27 கிகா வரியும், 217-க்குள் 230.54 வரியும் நுழைகின்றன. மூலக்கூறு மேகத்தில் அது சில்லறைக் கலப்படமல்ல. 353-லும் 345.8 வரி இருக்கிறது, ஆனால் அங்கே தூசு அவ்வளவு பலம், விழுக்காட்டில் கரைந்துவிடும். கார்பன் மோனாக்சைடு வரைபடத்தை வைத்துக் கழிக்கலாமே என்று தோன்றும். அந்த வரைபடத்தின் பிழையே உங்கள் மீதத்தைவிடப் பெரிதாகிவிடும். விட்டுவிடுவது உத்தமம்.

ஜி.எம்.ஆர்.டி. இந்த வேலைக்கு ஆகாது. அது குறுக்கீட்டுமானி, மிகக் குட்டையான அடித்தள நீளம் (இரு ஆன்டெனாக்களின் இடைவெளி) 100 மீட்டர் அளவு என்பதால் 610 மெகாஹெர்ட்ஸில் சுமார் 17 கலையைவிடப் பரந்த அமைப்பு அதன் கண்ணில் படாது. 1 பாகை விரிந்த உமிழ்வில் பெரும்பங்கு தொலையும். தொலைந்ததை "ஃப்ரீ-ஃப்ரீ குறைவு" என்று வாசித்தால் ஏ.எம்.இ. செயற்கையாகக் கூடும். ஆனால் 10 கலைக்குள் அடங்கும் நெருக்கமான மூலம் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அருமையான கருவி. அந்த வேலையும் தேவைப்படுகிறது, ஸ்டெரேடியன் சொல்வார்.

#6 ஸ்டெரேடியன்

சொல்கிறேன். ஃப்ரீ-ஃப்ரீயின் பாய அடர்த்தி அதிர்வெண்ணோடு −0.1 அடுக்கில் மெல்ல இறங்கும் என்பது வாயு ஊடுருவத்தக்கதாக இருக்கும்வரைதான். புதிதாய்ப் பிறந்த பெருவிண்மீனைச் சுற்றிய மீநெருக்க அயனி மண்டலத்தில் உமிழ்வளவு 3-ஐ 10-இன் 8-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு (பார்செக், கன செ.மீ. அலகில்) இருந்தால், 10 கிகாஹெர்ட்ஸ் வரை அது தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். 1.4 கிகாவில் ஒன்றும் தெரியாது. 30 கிகாவில் முழுதாய் வெளிவரும். ஏ.எம்.இ. போலவே மேடு கட்டும்.

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஐராஸ் அகச்சிவப்பு விண்கலத்தின் புள்ளி மூலப் பட்டியலில் உங்கள் வட்டத்துக்குள் இருப்பவற்றை எடுத்து, 60 மைக்ரானுக்கும் 12 மைக்ரானுக்குமான பாய விகிதத்தின் மடக்கை 1.30-க்கு மேலும், 25-க்கும் 12-க்குமானது 0.57-க்கு மேலும் இருக்கிறதா என்று பாருங்கள். உட்-சர்ச்வெல் 1989 அளவுகோல் இது. கொஞ்சம் தாராளமான அளவுகோல், சாதாரண மூலங்களும் மாட்டும். எனவே மேல்வரம்புக்கு மட்டும் பயன்படும். இரண்டாவது, பால்வழித் தளத்தில் கார்னிஷ் 5 கிகா ஆய்வின் நேரடி எண்கள்.

அனுபவப் பாடம் ஏற்கெனவே இலக்கியத்தில் இருக்கிறது. 2002-ல் ஃபிங்க்பைனர் குழு கிரீன் பேங்கின் 43 மீட்டர் தொலைநோக்கியில் 5, 8, 10 கிகாவில் இரண்டு இடங்களில் ஏறுமுகம் கண்டது: எல்.டி.என். 1622 இருள்மேகம், எல்.பி.எச். 201.663+1.643 அயனி மண்டலம். இருள்மேகம் பின்னால் வந்த சோதனைகளில் நின்றது, சிலேயின் சி.பி.ஐ. கருவி 31 கிகாவில் 2006-ல் உறுதி செய்தது. அயனி மண்டலம் நிற்கவில்லை. அதே சி.பி.ஐ. அதே ஆண்டில் அங்கே அளந்தது சாதாரண ஃப்ரீ-ஃப்ரீயோடு ஒத்துப்போனது. எனவே புதியவர்கள் அயனி மண்டலங்களை எடுக்க வேண்டாம். பெர்சியஸ் மாதிரி ஃப்ரீ-ஃப்ரீ குறைவான மேகத்தில் தொடங்குங்கள்.

#7 முகில்நோக்கி

பெர்சியஸுக்கு ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். காஸ்மோசோமாஸ் குழு 2005-ல் வெளியிட்ட நிறமாலையில் 1.4 கிகாவில் சுமார் 7 ஜான்ஸ்கி, 20 முதல் 30 கிகா வரை சுமார் 40. 1.42-லிருந்து 28.4 என்பது சரியாக 20 மடங்கு; 20-ஐ −0.1 அடுக்குக்கு உயர்த்தினால் 0.74. ஆக ஃப்ரீ-ஃப்ரீ 5 ஜான்ஸ்கிதான். வெப்பத் தூசு 143-லிருந்து 28.4-க்கு வரும்போது (19 கெல்வின், பீட்டா 1.6) ஏறத்தாழ 300 மடங்கு சுருங்குகிறது, அதனாலும் இடைவெளி நிரம்பாது. மீதி 30-க்கு மேல். இந்த இடத்தில் மிகை இருப்பதைப் பற்றி விவாதமே இல்லை.

ஆனால் 17 புள்ளியை வைத்துப் பொருத்தும்போது உச்ச அதிர்வெண்ணும் அகலமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. 1.42-க்கும் 22.8-க்கும் நடுவே ஒரு புள்ளிகூட இல்லை. உச்சம் 18-லும் அகலம் பெரிதாகவும், அல்லது உச்சம் 28-லும் அகலம் சிறிதாகவும், இரண்டும் ஏற்கத்தக்கதாக வருகின்றன. கை சதுரமும் (பொருத்தம் தரவிலிருந்து விலகும் அளவு, பிழைகள் சரியாக இருந்தால் 1-ஐ ஒட்டி வரும்) சந்தேகப்படும்படி 1-க்கு வெகு கீழே.

#8 அலைவரிசை

கை சதுரம் தாழ்வது இயல்பு. எல்லா வரைபடத்திலும் ஒரே வட்டம், ஒரே வளையம். பின்னணிச் சரிவினால் வரும் பிழை எல்லாவற்றிலும் சேர்ந்தே ஆடுகிறது, நாமோ தனித்தனிப் பிழையாக எண்ணிக் கூட்டுகிறோம். வட்டத்தை 50, 60, 70 கலை என்று மாற்றியும், மையத்தை அரைப் பாகை நகர்த்தியும் மீதம் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். அந்த அசைவைப் பிழையாகச் சொல்வது பொருத்தம் தரும் பிழையைவிட நேர்மையானது.

உச்சத்துக்கு மருந்து குய்ஹோத்தே. டெனெரீஃப் தீவின் டெய்டே ஆய்வகத்திலிருந்து 11, 13, 17, 19 கிகாவில் வடவானம் முழுவதையும் அளந்த வரைபடங்கள் 2023-ல் வெளியாகிவிட்டன. நான்கு புள்ளியும் ஏறுமுகத்தின் மேலேயே விழுகின்றன. கவனிக்க வேண்டியது: தரையிலிருந்து வட்டம் வட்டமாகச் சுழன்று அளந்ததால், வானச் சாய்வு (வான நடுவரையிலிருந்து உள்ள கோணம்) ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறிலியைக் கழித்திருக்கிறார்கள். பெரிய கோண அமைப்பு அதில் போய்விடும். 1 பாகை வட்டத்துக்கும் பக்கத்து வளையத்துக்குமான வேறுபாட்டை அது அவ்வளவாகத் தொடாது, ஆனால் 5 பாகைக்கு மேல் விரிந்த மேகத்துக்கு இதே நம்பிக்கை வேண்டாம். மற்ற வரைபடங்களையும் அதே வடிகட்டிக்குள் செலுத்திவிட்டு ஒப்பிடுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள்களால் கெட்ட பட்டை வான நடுவரைக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. பெர்சியஸ் +32 பாகையில் இருப்பதால் தப்பியது.

இன்னொரு சின்ன விஷயம். பின்னணிக் கதிர்வீச்சு வட்டத்துக்குள் 50 மைக்ரோகெல்வின் மிச்சமிருந்தால் 28.4-ல் 1.2 ஜான்ஸ்கிதான், 100-ல் 11 ஜான்ஸ்கிக்கு மேல். 60 முதல் 94 கிகா வரை வளைகோடு தூக்கலாக இருந்தால் அதை ஏ.எம்.இ.-யின் வால் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் இதுதான்.

#9 சுழல்துகள்

இயற்பியலுக்கு வருவோம். 30 கிகா ஏன் என்பதை ஒரு தாளில் போட்டுவிடலாம்.

0.5 நானோமீட்டர் ஆரமுள்ள கரித்துகளில் சுமார் 58 கார்பன் அணு. நிறை 1.16-ஐ 10-இன் −24 அடுக்கால் பெருக்கிய கிலோ. கோளம் என்று வைத்து நிலைமத் திருப்புத்திறனைக் கண்டு, 100 கெல்வின் வாயுவோடு வெப்பச் சமநிலையில் சுழல்வதாக எடுத்தால் நொடிக்கு 3000 கோடி சுற்று: 30 கிகாஹெர்ட்ஸ். சுழல்வேகம் ஆரத்தின் −2.5 அடுக்கில் போகிறது. 1 நானோமீட்டர் என்றால் 5 கிகாவுக்கு இறங்கிவிடும். 0.35 நானோமீட்டர், 20 கார்பன் என்றால் 70-ஐத் தாண்டும். வழக்கமான 0.1 மைக்ரான் தூசு 50 கிலோஹெர்ட்ஸ்தான் சுழலும்.

மின்னூட்டம் சமமற்றுப் பரவி இருமுனைத் திறன் இருந்தால் சுழலும் துகள் அந்த அதிர்வெண்ணிலேயே உமிழும். நொடிக்கு உமிழும் ஆற்றல் சுழல்வேகத்தின் 4-ஆம் அடுக்கில். ஆகவே மிகச் சிறிய, மிக வேகமான துகள்கள்தான் எல்லாவற்றையும் கொடுக்கின்றன. மாதிரிகளில் இருமுனைத் திறனை, அணு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 0.38 டிபையால் (அத்திறனின் அலகு) பெருக்கியது என்று எடுப்பது வழக்கம். 58 அணுவுக்கு ஏறக்குறைய 3 டிபை.

நிஜத்தில் துகள் வெப்பச் சமநிலையில் இருப்பதில்லை. நடுநிலை அணு மோதல், அயனி மோதல், கடந்துபோகும் அயனிகளின் மின்புல இழுவை, அகச்சிவப்பு ஃபோட்டான் ஒவ்வொன்றும் கொண்டுபோகும் கோண உந்தம், நுண்ணலை உமிழ்வின் தடையே கூட, எல்லாம் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அலி-ஹைமூத் குழுவின் எஸ்.பி.டஸ்ட் நிரல் (2009) இதை ஃபோக்கர்-பிளாங்க் சமன்பாட்டில் தீர்க்கிறது. 2011 பதிப்பில் துகள் தன் அச்சில் நேராகச் சுழலாமல் சாயும் பம்பரம் போல் அலைவதையும் சேர்த்தார்கள்; உச்சம் மேலே ஏறியது, உமிழ்வும் கூடியது. அந்த நிரல் எழுதப்பட்ட ஐ.டி.எல். மென்பொருளுக்கு உரிமம் இல்லாதவர்களுக்கு 2024-ல் ஜாங்கும் க்ளூபாவும் வெளியிட்ட ஸ்பைடஸ்ட் பைத்தானில் இருக்கிறது.

ஓட்டிப் பார்க்க: குளிர்ந்த நடுநிலை ஊடகத்துக்கு ஹைட்ரஜன் அடர்த்தி கன செ.மீ.-க்கு 30, வெப்பநிலை 100 கெல்வின், கதிர்ப்புலம் (சூரியச் சுற்றுப்புறத்தின் சராசரி விண்மீனொளி அலகில்) 1, ஹைட்ரஜன் அயனி விகிதம் 0.0012, கார்பன் 0.0003. மூலக்கூறு மேகத்துக்கு அடர்த்தி 300, வெப்பநிலை 20, கதிர்ப்புலம் 0.01. அளவுப் பரவலுக்கு வைங்கார்ட்னர்-டிரெய்ன் 2001 அட்டவணையில் சிவப்பாதல் விகிதம் 3.1, சிறுதுகள் கார்பன் 10 லட்சம் ஹைட்ரஜனுக்கு 60.

தயவுசெய்து இவை எல்லாவற்றையும் கட்டற்று விட்டுப் பொருத்தாதீர்கள். மூன்று எண்ணால் விவரிக்கக்கூடிய மேட்டுக்கு எட்டு சுதந்திரம் கொடுத்தால் எதுவும் பொருந்தும். அடர்த்தியையும் கதிர்ப்புலத்தையும் வேறு தரவிலிருந்து கட்டிவிட்டு, மீதியைக் கேளுங்கள்.

#10 பனிமலர்

கதிர்ப்புலம் கூடினால் துகள் வேகமாகச் சுழல வேண்டும் அல்லவா? அப்படியானால் வெப்பத் தூசு சூடாக உள்ள இடத்தில் ஏ.எம்.இ. உச்சம் மேலே போக வேண்டும்.

#11 சுழல்துகள்

வேண்டும் என்று எளிதாகச் சொல்ல முடியாது. ஃபோட்டான் கூடினால் அகச்சிவப்பு உமிழ்வு துகளை உந்தவும் செய்யும், தடுக்கவும் செய்யும், 0.4 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவை உடைந்தும் போகலாம், உடைந்தால் உச்சம் கீழே வரும். மின்னேற்றமும் மாறும். லாம்டா ஓரியானிஸ் வளையத்தில் 2021-ல் சி-பாஸ் 5 கிகா தரவைச் சேர்த்துச் செய்த ஆய்வில், மைய விண்மீனின் ஒளி நேரடியாகப் படும் விளிம்பை நோக்கி உச்ச அதிர்வெண் கூடுவது தெரிந்தது. ஒரு மேகத்துக்குள்ளேயே மாறுகிறது என்பது முக்கியம். வான் முழுவதற்கும் ஒரே ஏ.எம்.இ. வளைகோட்டைப் போட்டுப் பின்னணிக் கதிர்வீச்சைச் சுத்தம் செய்யும் நிரல்கள் இதைத் தவற விடுகின்றன.

#12 முகில்நோக்கி

இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. 2016-ல் ஹென்ஸ்லி, டிரெய்ன், மைஸ்னர் மூவரும் முழுவான ஒப்பீட்டில், ஏ.எம்.இ.-யைத் தூசின் மொத்தக் கதிர்வீச்சால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்துக்கும், 12 மைக்ரானிலிருந்து பெற்ற பி.ஏ.எச். பங்குக்கும் தொடர்பே இல்லை என்றார்கள். டிரெய்னே கையெழுத்திட்ட கட்டுரை. 2017-ல் ஹென்ஸ்லியும் டிரெய்னும், பி.ஏ.எச். ஒன்றுகூட இல்லாமல் நானோசிலிக்கேட்டை மட்டும் வைத்தே முழு ஏ.எம்.இ.-யையும் தரலாம், அகச்சிவப்பு வரம்புகள் மீறப்படாது என்று காட்டினார்கள். என் பார்வையில் பி.ஏ.எச். வாதத்தின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது இது.

#13 சுழல்துகள்

அவ்வளவு தூரம் போகவில்லை. முழுவான ஒப்பீடு 1 பாகையில் நடக்கிறது. அந்தக் கற்றைக்குள் குளிர் மேகம், வெதுவெதுப்பான வாயு, அயனி வாயு எல்லாம் கலந்துவிடும். பி.ஏ.எச். எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எந்த ஊடகத்தில் இருக்கிறது என்பதும் உமிழ்வை மாற்றும். தொடர்பு இல்லை என்ற முடிவு சில இடங்களில் உண்மையாகவும் சில இடங்களில் கலவையின் விளைவாகவும் இருக்கலாம்.

நெருங்கிப் பார்த்த இடங்களில் படம் வேறு. லாம்டா ஓரியானிஸில் 2019-ல் அகாரி அகச்சிவப்பு விண்கலத் தரவை வைத்துச் செய்த ஆய்வில் ஏ.எம்.இ. பி.ஏ.எச். நிறையோடு நன்றாகவே ஒத்துப்போனது.

#14 ஸ்டெரேடியன்

ரோ ஓஃபியூக்கி மேகத்தை இருவருமே எதிர்வாதமாக எடுப்பார்கள் என்பதால் அதை விரித்துச் சொல்கிறேன். 2008-ல் கசாசுஸ் குழு சி.பி.ஐ. கொண்டு 31 கிகாவில் பார்த்தபோது, 8 மைக்ரானில் மிகப் பளிச்சென்று இருக்கும் எஸ்1 விண்மீனைச் சுற்றி 31 கிகா உமிழ்வு எடுப்பாக இல்லை. பலமாக இருந்தது ரோ ஓஃப் மேற்கு விளிம்பில். மேலோட்டமாகப் பார்த்தால் பி.ஏ.எச். தோற்றது.

ஆனால் 8 மைக்ரான் ஒளிர்வு என்பது பி.ஏ.எச். அளவு மட்டுமல்ல, அதன் மேல் படும் புறஊதாவும் சேர்ந்த பெருக்கம். எஸ்1-க்கு அருகே புறஊதா பலம், அதனால் கொஞ்சம் பி.ஏ.எச்.-உம் பளபளக்கும். கதிர்ப்புலத்தால் வகுத்துவிட்டு ஒப்பிட்டால் முரண் பெருமளவு தணிகிறது. அகச்சிவப்பு வரைபடத்தை அப்படியே ஏ.எம்.இ. மேல் வைத்துத் தொடர்புக் கெழு எடுக்கும் கட்டுரைகளை நான் இந்தக் காரணத்துக்காகவே நம்புவதில்லை. கதிர்ப்புலத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற பத்தியை முதலில் படியுங்கள். பெரும்பாலும் தூசின் வெப்பநிலையிலிருந்து எடுத்திருப்பார்கள், அது பார்வைக்கோடு முழுவதன் சராசரி.

#15 முகில்நோக்கி

சரி, நானோவைரம்? 2018-ல் கிரீவ்ஸ் குழு வி892 டாரி, எச்.டி. 97048, எம்.டபிள்யூ.சி. 297 என்ற மூன்று இளம் விண்மீன்களின் வட்டுகளிலும் ஏ.எம்.இ. கண்டார்கள். நானோவைரத்தின் 3.43, 3.53 மைக்ரான் வரிகள் உள்ள வட்டுகள் அந்த மூன்றேதான்.

#16 சுழல்துகள்

அந்த வட்டுகளுக்கு அது வலுவான சான்று: அவர்கள் பார்த்த மற்ற வட்டுகளில் பி.ஏ.எச். வரி இருந்தும் மிகையுமிழ்வு இல்லை. ஆனால் அந்த வரிகள் மிக அரிது. பரந்த ஊடகத்தில் காணப்படாத துகளைக் கொண்டு வான் முழுதும் உள்ள உமிழ்வை விளக்க முடியாது. இரண்டு இடத்தில் இரண்டு துகள் என்பதில் இயற்பியலுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. 1 நானோமீட்டருக்குக் கீழே, இருமுனைத் திறனோடு, வாயுவோடு மோதிக்கொண்டிருக்கும் எதுவும் இந்த அதிர்வெண்ணில்தான் உமிழும். மேட்டின் வடிவம் வேதியியலைச் சொல்லாது. நாம் எத்தனை புள்ளி சேர்த்தாலும் அந்தச் சிக்கல் இருக்கும்.

டாரஸ் டி.எம்.சி.-1 மேகத்தில் கிரீன் பேங்க் 100 மீட்டர் தொலைநோக்கி 2021-ல் சயனோநாப்தலீனையும் 2024-ல் சயனோபைரீனையும் சுழற்சி வரிகளாகவே அடையாளம் கண்டது. தனித்தனி பி.ஏ.எச். விண்வெளியில் இருப்பது இப்போது ஐயமற்றது. அதிலிருந்து ஏ.எம்.இ. பி.ஏ.எச்.-தான் என்று தாவ முடியாது.

#17 அலைவரிசை

வேதியியலைப் பிரிக்காவிட்டாலும் தளவிளைவு (அலை ஒரே தளத்தில் அதிர்வது) உமிழும் இயக்கத்தைப் பிரிக்கும். காந்த இருமுனை உமிழ்வு, அதாவது இரும்பு கலந்த துகள்களின் வெப்ப அதிர்வு, ஏ.எம்.இ.-யைத் தருகிறது என்றால் தளவிளைவு கணிசமாக இருக்கலாம். டபிள்யூ43 பகுதியில் குய்ஹோத்தே குழு 2017-ல் கொடுத்த மேல்வரம்பு 17 கிகாவில் 0.39 சதவீதம், டபிள்யூமேப் 41 கிகாவில் 0.22 சதவீதம். அந்த அளவுக்குப் பெரிய காந்த உமிழ்வு அங்கே முதன்மையாக இருக்க இடமில்லை. சுழலும் நானோதுகள்களில் ஆற்றல் நிலைகள் இடைவெளி விட்டு நிற்பதால் காந்தப்புலத்தோடு நேர்ப்படும் வழியே அடைபடுகிறது என்று டிரெய்னும் ஹென்ஸ்லியும் 2016-ல் காட்டினார்கள். அது சரியென்றால் தளவிளைவு நடைமுறையில் பூஜ்யம்.

இதை மறுபடி அளக்க நினைப்பவர்களுக்கு: வரம்பை மொத்தப் பாயத்தால் வகுக்காதீர்கள், ஃப்ரீ-ஃப்ரீ கழித்த ஏ.எம்.இ. பாயத்தால் வகுக்க வேண்டும். டபிள்யூ43-ல் ஃப்ரீ-ஃப்ரீ பெரும்பங்கு, இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம். அதோடு, மொத்தச் செறிவில் ஒரு சிறு பங்கு தளவிளைவுத் தடங்களுக்குக் கசியும். பளிச்சென்ற அயனி மண்டலத்தில் 0.2 சதவீத வரம்பு கேட்கும்போது கசிவும் அதே அளவில் இருந்தால் அளப்பது கருவியைத்தான்.

#18 பனிமலர்

பெர்சியஸ் முடிந்ததும் அடுத்து எதை எடுக்கலாம்? கலிஃபோர்னியா நெபுலாவில் உச்சம் 50 கிகா என்று பிளாங்க் கட்டுரையில் இருப்பது ஈர்க்கிறது.

#19 ஸ்டெரேடியன்

அதை இப்போது எடுக்க வேண்டாம். அங்கே ஃப்ரீ-ஃப்ரீ பலம். 50-ல் உச்சம் என்பது அதைக் கழித்த பிறகு எஞ்சும் சின்ன மேடு, 1.42 கிகாவின் அந்த 1.55 காரணியை 10 சதவீதம் அசைத்தாலே உயரமும் இடமும் நகரும். எதிர்பாராத எண் வரும் இடத்தில் அடித்தளமும் உறுதியாக இருக்க வேண்டும்.

ரோ ஓஃபியூக்கியை எடுங்கள் (நெடுக்கை 353.05, அகலம் +16.90). அது தெற்கே −24 பாகையில் இருப்பதால் பார்க்ஸ் தொலைநோக்கியின் எஸ்-பாஸ் 2.3 கிகா வரைபடம் கிடைக்கும், ரைக் காரணியைத் தனியாகச் சோதிக்கலாம். குய்ஹோத்தேயும் அங்கே எட்டும், அதையும் பிறகு சேர்க்கலாம். முதலில் 408, 1420, 2300 மூன்றை மட்டும் வைத்து −0.1 கோடு போகிறதா பாருங்கள். அந்த மூன்றும் ஒரே கோட்டில் உட்காராத வரைக்கும் 22.8-ஐத் திறக்கவே வேண்டாம்.

#20 முகில்நோக்கி

நன்றி. பெர்சியஸுக்கு வட்டம் 50, 60, 70 கலை மூன்றுக்கும், ரைக் காரணி 1.4, 1.55, 1.7 மூன்றுக்கும் சேர்த்து ஒன்பது பொருத்தங்களின் அட்டவணையை இதே இழையில் போடுகிறேன். குய்ஹோத்தே உள்ள வரிசையும் இல்லாத வரிசையும் தனித்தனியாக இருக்கும். சரிபார்க்க விரும்புவோர் தட்டை வரைபடச் சோதனையில் 23.7 ஜான்ஸ்கி வருவதை உறுதி செய்துகொண்டு உங்கள் எண்களைக் கீழே இடுங்கள்.